பேசும்படக் காலத்தில் ஊமைப்பட நகைச்சுவைக் கலைஞர்கள்

இலக்கிய வரலாறு கற்பிப்போரிடம் ஒரு பழக்கம் உண்டு. காலத்தைக் கூறுகூறாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிட்டு, ஒரு கூறு முடிகிற இடத்தில் அதற்குரிய புலவர்களையும் முடித்துவிடுவோம். கரும்பலகையில் நாம் இழுக்கும் கோட்டுக்கு இப்புறம் இரவில் உறங்கிய புலவர், அப்புறம் விடியலில் எழுந்து மீண்டும் எழுத்தாணியைக் கையில் எடுத்திருப்பார் என்ற எளிய உண்மை நம் நினைவில் நிற்பதில்லை. களப்பிரர் ஆண்ட நூற்றாண்டுகளை 'இருண்ட காலம்' என்று நெடுநாள் எழுதிவந்தோம். நீதிநூல்கள் பலவும் அக்காலப் பரப்பில் தோன்றியிருக்கக் கூடும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டே, மறுபக்கத்தில் அதனை இருட்டு என்றோம். மயிலை சீனி. வேங்கடசாமி 'களப்பிரர் ஆட்சியில் தமிழகம்' என்னும் நூலில் அவ்விருட்டைக் கேள்விக்குள்ளாக்கிய பின்னரே, இருள் அக்காலத்தில் இருந்ததா, நம் பார்வையில் இருந்ததா என்று தயங்கத் தொடங்கினோம்.

இப்பகுப்பு நோய் திரைப்பட வரலாற்றையும் பற்றியிருக்கிறது. கவிஞர்கள் நிறைந்த பத்தாமாண்டு மலரில் சினிமாவுக்கு என்ன வேலை என்று நம் வட்டத்து அன்பர் சிலர் கேட்கக் கூடும். ஒரு கலைவடிவம் மாறும்போது, பழைய வடிவத்தில் தேர்ந்தவர்களை வரலாறு எவ்வாறு நினைவில் வைக்கிறது என்ற வினா கவிஞர்க்கும் உரியது. அவ்வினாவைக் கேட்பதற்கு ஊமைப்பட நகைச்சுவைக் கலைஞர்களின் பிற்கால வாழ்வைப் போலத் தெளிவான களம் வேறில்லை என்பது என் எண்ணம்.

எல்லாரும் அறிந்த கதை ஒன்று உண்டு. 1927 அக்டோபரில் அமெரிக்காவில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியாயிற்று. திரை பேசத் தொடங்கிற்று. வாய் பேசாமல் உலகைச் சிரிக்க வைத்தவர்கள் வாய் திறந்ததும் வீழ்ந்தார்கள். சாப்ளின் மட்டும் பிடிவாதமாகப் பேச மறுத்துத் தப்பினார். பஸ்டர் கீட்டன் அழிந்தார். ஹெரால்டு லாயிட் மங்கினார். ஹாரி லாங்டன் மறைந்தார். கதை சுருக்கமானது; கேட்பதற்கு உருக்கமானது. நம் சிற்றிதழ்களில் வெளிவந்த உலக சினிமாக் கட்டுரைகள் பலவும் இக்கதையை அப்படியே வாங்கி வழங்கியிருக்கின்றன. ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியே எடுத்து ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் கதை வேறாகிறது.

கீட்டனை முதலில் நோக்கலாம். சிறுவயதிலேயே பெற்றோருடன் மேடையேறியவர் அவர். மேடையில் பேசிப் பாடிப் பழகிய குடும்பம் அது. ஆகவே பேச்சு அவருக்குப் புதிதன்று. குரலும் கெட்ட குரலன்று. 1928ஆம் ஆண்டு தம் சொந்தப் படப்பிடிப்புக் கூடத்தை விட்டு எம்.ஜி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த முடிவையே தம் வாழ்வின் பெரும்பிழையாக 1960இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் கருதுகிறார். பேச்சு வந்ததைப் பெரும்பிழை என்று அவர் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. 1929இல் வந்த 'ஸ்பைட் மேரேஜ்' என்னும் படத்தைப் பேசும்படமாகவே எடுக்க அவர் விரும்பினார், நிறுவனம் இசையவில்லை. பேச்சைக் கண்டு அஞ்சி ஓடியவராகச் சித்திரிக்கப்படுபவர், பேச விடுங்கள் என்று கேட்டு மறுக்கப்பட்டவர்!

அதன்பின் 1930 முதல் 1933 வரை ஏழு முழுநீளப் பேசும்படங்களில் அவர் நாயகராக நடித்தார். அவற்றுள் பலவும் இலாபம் ஈட்டின. இன்று உலகின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாக எண்ணப்படும் 'தி ஜெனரல்' முதல் வெளியீட்டில் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. அதாவது, அன்றைய கொட்டகைக் கணக்கில் பேசும்படக் கீட்டன் வென்றவர்; ஊமைப்படக் கீட்டன் தடுமாறியவர். நம் நினைவில் இது தலைகீழாக நிற்கிறது.

அப்படங்கள் நல்ல படங்களா என்றால், பெரும்பாலும் இல்லை என்பதே என் விடை. வசூலைக் காட்டிக் கலையை நிறுவ நான் வரவில்லை. அவை கெட்டதற்குக் காரணம் எது என்பதே கேள்வி. முன்பு கீட்டன் முழுமையாக எழுதப்பட்ட கதையோடு படப்பிடிப்புக்குப் போனவரல்லர். தொடக்கமும் முடிவும் கையில் இருந்தால் போதும், நடுவிலுள்ளது தானே அமையும் என்பது அவருடைய முறை. எம்.ஜி.எம். நிறுவனத்திலோ ஒவ்வொரு சொல்லும் முன்கூட்டியே எழுதப்பட்டு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அறிவுக் கூர்மையால் இயந்திரங்களை வென்றவரை அசட்டுப் பாத்திரமாக்கி, ஓயாமல் பேசும் ஜிம்மி டுரான்டேயை அவருக்கு இணையாக நிறுத்தினார்கள். இதற்கிடையில் மணவாழ்வு முறிந்தது; குடி மிகுந்தது; 1933இல் வேலை போயிற்று. இத்தனை காரணங்களையும் ஒதுக்கிவிட்டுக் 'குரல்' என்ற ஒற்றைக் காரணத்தை வரலாறு பிடித்துக்கொண்டது. நிறுவனம், ஒப்பந்தம், மது ஆகியவற்றை விடக் குரல் காவியத்துக்கு ஏற்ற வில்லன் அல்லவா?

வேலை போனபின்னும் அவர் நின்றுவிடவில்லை. 1934 முதல் 1937 வரை எஜுகேஷனல் என்னும் நிறுவனத்துக்குப் பதினாறு குறும்படங்கள். 1939 முதல் 1941 வரை கொலம்பியாவுக்குப் பத்து. பின்னர் அதே எம்.ஜி.எம். நிறுவனத்தில், பிற நகைச்சுவை நடிகர்களுக்குச் சிரிப்புக்கான நிகழ்ச்சிகளைப் புனைந்து தரும் பணி. 1950க்குப் பின் தொலைக்காட்சி. 1952இல் சாப்ளினின் 'லைம்லைட்' படத்தில் இருவரும் ஒரே மேடையில். 1966 பிப்ரவரி முதல் நாள் அவர் இறந்தார்; அதற்கு முந்தைய ஆண்டுவரை வேலை செய்துகொண்டிருந்தார். பேசும்படக் காலத்தில் அவர் உழைத்த ஆண்டுகள் ஊமைப்படக் காலத்தில் உழைத்தவற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வரலாற்று நூல்களில் அவை ஒரு பத்தியில், சிலவற்றில் ஒரு தொடரில் முடிந்துவிடுகின்றன.

பிறரை விரைந்து பார்த்துவிடலாம். ஹாரி லாங்டனின் சரிவு பேச்சு வருமுன்பே தொடங்கிவிட்டது. 1927, 1928ஆம் ஆண்டுகளில் அவரே இயக்கிய படங்கள் தோற்றன. அவை ஊமைப்படங்கள். அவர் சரிவுக்கு ஒலியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையன்று. ஹெரால்டு லாயிட்டின் முதல் பேசும்படமான 'வெல்கம் டேஞ்சர்' 1929இல் பெரும் வசூலைக் கண்டது. அவர் மறக்கப்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. தம் படங்களின் உரிமையைத் தாமே வைத்திருந்தவர் அவர். தொலைக்காட்சிக்கும் மறுவெளியீட்டுக்கும் எளிதில் தரவில்லை. 1943இல் அவர் வீட்டுப் படச்சுருள் காப்பறையில் தீப்பிடித்துப் பல சுருள்கள் அழிந்தன. ஆக, ஒருவரை வரலாறு மறப்பதற்குப் பூட்டிய பெட்டியும் போதும். ஓலைச்சுவடிகளை வீட்டுப் பரணில் பூட்டி வைத்துக் கரையானுக்கு இட்ட நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ரோஸ்கோ ஆர்பக்கிளின் வாழ்வு அக்கதைக்கு நேர்மாறானது. 1921இல் எழுந்த ஒரு வழக்கினால் திரையிலிருந்து விலக்கப்பட்டவர். நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுத்தபின்னும் தம் பெயரில் நடிக்க இயலாதிருந்தவர். அவரை மீண்டும் திரைக்குக் கொணர்ந்தவை 1932, 1933ஆம் ஆண்டுகளின் பேசும் குறும்படங்களே. அவற்றின் வெற்றி கண்ட நிலையில், 1933 ஜூனில் அவர் இறந்தார். இவர்க்கு ஒலி வாழ்வு தந்தது.

லாரல், ஹார்டி இருவரையும் ஊமைப்படக் கலைஞர்களாக நம்மில் பலர் நினைப்பதே இல்லை. 1927 முதல் ஊமைப்படங்களில் இணைந்து நடித்தவர்கள் அவர்கள். 1929இல் பேசத் தொடங்கினார்கள். 'தி மியூசிக் பாக்ஸ்' என்னும் குறும்படத்துக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. ஒரு பியானோவைப் படிக்கட்டு வழியே மேலேற்றும் கதை. இடையில் அது உருண்டோடும் ஒலியே நகைச்சுவையில் பாதி. கதவுக்கு அப்பால் ஒருவர் விழுவார். நாம் காண்பது மூடிய கதவு, கேட்பது சத்தம். விழுவதைக் காட்டுவதைவிடக் கேட்கச் செய்வது மேலும் சிரிப்பூட்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். இன்னொரு செய்தி தமிழர்க்குச் சுவையானது. பிறமொழிக் குரல் சேர்க்கும் வசதி வளராத அத்தொடக்க ஆண்டுகளில், ஸ்பானிய, பிரெஞ்சு, ஜெர்மானிய மொழி வசனங்களை ஒலிப்படி எழுதிவைத்துப் படித்துத் தம் படங்களை அம்மொழிகளில் மீண்டும் நடித்தார்கள். அவர்களுடைய கொச்சையான உச்சரிப்பே அந்நாட்டு மக்களைச் சிரிக்க வைத்தது. வென்றவர்களை 'பேசும்பட நடிகர்' என்றும், வாடியவர்களை 'ஊமைப்பட நடிகர்' என்றும் பெயரிட்டுவிட்டால், பேச்சினால் ஊமைப்பட நடிகர் வீழ்ந்தனர் என்ற கொள்கை என்றைக்கும் பொய்க்காது. இலக்கிய வரலாற்றிலும் நாம் செய்கிற வேலைதான் இது.

ஒலியின் வருகை எதையும் கெடுக்கவில்லை என்று சொல்வதும் மிகை. தொடக்கத்தில் கேமராவின் இரைச்சல் ஒலிவாங்கியில் பதியாதிருக்க அதனைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்தார்கள். ஓடிய கேமரா நின்றது. கையால் சுழற்றிய காலத்தில் வேகத்தைக் குறைத்துப் படமெடுத்து, திரையில் விரைவாக ஓடவிட்டு நகையூட்டலாம். ஒலிக்காக வேகம் நொடிக்கு 24 சட்டம் என்று நிலைத்துவிட்டபின் அத்தாளக்கட்டு போயிற்று. யாப்பறிந்தோர்க்கு இவ்விழப்பு புரியும். சீர் வரையறை மாறினால் பழைய ஓசையில் பாடியவர் தடுமாறத்தான் செய்வார். ஆனால் தடுமாற்றம் வேறு, மரணம் வேறு.

அப்படியானால் மரணக் கதையை எழுதியவர் யார்? பெரும்பாலும் அவர்களை நேசித்தவர்களே. 1949 செப்டம்பரில் 'லைஃப்' இதழில் ஜேம்ஸ் ஏஜி எழுதிய நெடுங்கட்டுரை சாப்ளின், கீட்டன், லாயிட், லாங்டன் நால்வரையும் மீண்டும் அரியணை ஏற்றியது. அதனைப் படித்த தலைமுறை ஊமைப்படங்களைத் தேடத் தொடங்கியது; அவ்வகையில் அக்கட்டுரைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பொற்காலம் ஒன்றை நிறுவ வேண்டுமானால், அதன்பின் வருவதை வீழ்ச்சி என்றாக வேண்டும். 1950இல் 'சன்செட் பூலிவார்ட்' படத்தில் பழம் நடிகையோடு சீட்டாடும் உயிர்ப்பற்ற முகங்களுள் ஒன்றாகக் கீட்டனே வந்து அமர்ந்தார். 1952இல் 'சிங்கிங் இன் த ரெயின்' குரல் கெட்ட ஊமைப்பட நடிகையைக் கேலிப்பொருளாக்கியது. 1957இல் கீட்டனின் வாழ்க்கை வரலாறு என்ற பெயரில் ஒரு படம் வந்தது. உண்மைக்கும் அதற்கும் தொலைவு மிகுதி. அதற்காகத் தரப்பட்ட பணத்தில் அவர் வீடு வாங்கிக்கொண்டார் என்பது மட்டும் மகிழ்ச்சிக்குரியது. ஆக, அவர் உயிரோடு உழைத்துக்கொண்டிருந்த போதே அவருக்கான இரங்கற்பா பாடி முடிக்கப்பட்டுவிட்டது. கையறுநிலைத் துறையில் நமக்கு ஈடுபாடு அதிகம். பாட்டுடைத் தலைவன் இறந்துவிட்டானா என்று சரிபார்க்கும் பொறுமைதான் இல்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1931ஆம் ஆண்டு மூன்று நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஜனவரி இறுதியில் சாப்ளின் 'சிட்டி லைட்ஸ்' படத்தைப் பேச்சில்லாமல் வெளியிட்டார். மார்ச்சில் பம்பாயில் 'ஆலம் ஆரா' பேசிற்று. அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் 'காளிதாஸ்' வெளியாகி, டி.பி. ராஜலட்சுமி தமிழிலும் நாயகர் தெலுங்கிலும் பேசினார்கள். உலகம் முழுதும் பேச விரைந்த ஆண்டில் ஒருவர் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது சாப்ளினின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. 'சிட்டி லைட்ஸ்' முற்றும் ஓசையற்ற படமன்று. தொடக்கக் காட்சியில் பெரிய மனிதர்களின் மேடைப் பேச்சு பொருளற்ற ஊதல் ஒலியாக வருகிறது. 1936இல் 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் அவர் குரல் முதன்முறை கேட்டபோது, எந்த மொழியும் அல்லாத ஒரு பாட்டாக அது வந்தது. அவர் மறுத்தது ஒலியை அன்று. ஒரு மொழிக்குள் அடைபடுவதை. 1940இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' இறுதியில் நெடுநேரம் நேரடியாகப் பேசியவரும் அவரே.

இந்திய ஊமைப்படத்திலும் நகைச்சுவைக் கலைஞர்கள் இருந்தனர். பம்பாய்ப் படங்களில் நூர் முகம்மது என்னும் நடிகர் சாப்ளினைப் பின்பற்றிச் 'சார்லி' என்ற பெயரையே சூடிக்கொண்டார். ஊமைப்படத்தில் தொடங்கிய அவர் பேசும்படத்தில் பேசியும் பாடியும் நாயகருக்கு நிகரான புகழ் பெற்றார். லாரல், ஹார்டி போன்ற இணையாகத் தீட்சித், கோரி இருவரும் விளங்கினர். இவர்களுள் ஒருவரும் ஒலியால் வீழ்ந்தவரல்லர். பிரிவினைக்குப்பின் சார்லியும் கோரியும் பாகிஸ்தான் சென்றனர். அதனால் இந்திய நினைவிலிருந்து நழுவினர். குரல் செய்யாததை எல்லைக்கோடு செய்தது.

தமிழ்நாட்டின் நிலை இவ்விரண்டினும் வேறு. ஆர். நடராஜ முதலியார் தொடங்கி வைத்த சென்னை ஊமைப்படத் தொழிலில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றின் சுருள்கள் ஏறத்தாழ முழுவதும் அழிந்தன. தென்னிந்திய ஊமைப்படங்களுள் இன்று நாம் காணக்கூடியதாகப் பூனா ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருப்பது 1933ஆம் ஆண்டின் 'மார்த்தாண்ட வர்மா'. அதுவும் வெளியீட்டின்போது எழுந்த பதிப்புரிமை வழக்கில் சிக்கி முடங்கியதனால் தப்பியது. ஓடிய படங்கள் ஓடித் தேய்ந்து மறைந்தன. ஓடாத படம் வாழ்கிறது. அப்படங்களில் எவர் விழுந்தெழுந்து மக்களைச் சிரிக்க வைத்தார் என்பதை எந்தத் திரையும் இனி நமக்குக் காட்டாது.

ஊமைப்படத்திலிருந்து பேசும்படத்துக்கு வந்து வென்ற தமிழருள் தலையாயவர் நகைச்சுவையாளர் அல்லர், உடற்பயிற்சி வீரர். புதுக்கோட்டையில் பிறந்த பி.கே. நாகலிங்கம், 'ராஜா சாண்டோ' என்ற பெயரில் பம்பாய் ஊமைப்படங்களில் நாயகராகப் புகழ்பெற்று, சென்னையில் ஊமைப்படங்களை இயக்கி, பின்னர் 'மேனகா' (1935), 'திருநீலகண்டர்' (1939) முதலிய பேசும்படங்களை இயக்கினார். தமிழக அரசு அவர் பெயரில் விருது வழங்கிவந்தது. விருதைப் பெற்றவர்களின் முகம் நமக்குத் தெரியும். விருதுக்குப் பெயரானவரின் முகம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உடலால் பெயர்பெற்ற கலைஞர் ஒருவர் உடலற்ற பெயராக எஞ்சியிருக்கிறார்.

ஊமைப்படம் இங்கே உண்மையில் ஊமையாக இருந்ததும் இல்லை. கூடாரக் கொட்டகைகளில் திரைக்கருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லுவார். இந்த விளக்குநரைப் பற்றித் தியடோர் பாஸ்கரன் தம் ஆய்வுகளில் எழுதியிருக்கிறார். 1905 முதல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கொண்டுசென்ற படக்காட்சி நம் மக்களின் கண்ணுக்குப் புதுமை. சொல்லிக் காட்டும் குரலோ அவர்களுக்குப் பழக்கமானது. கூத்தில் கட்டியங்காரன், வடமொழி நாடகத்தில் விதூஷகன், நம் தென்மாவட்டத்து ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் என நம் நகைச்சுவையாளர் எவரும் வாய் மூடியவரல்லர். சோழபுரத்திலும் இராசபாளையத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் திருவிழா இரவில் வள்ளி திருமணம் பார்த்தவர்க்குத் தெரியும்: முருகன் வருமுன்பே பபூன் வந்துவிடுவார், அவர் பேச்சுக்குக் காத்திருந்த கூட்டம் முருகனுக்கு அவ்வளவு காத்திருக்காது. ஆனால் அந்தப் பபூனின் கால்களைக் கவனித்திருக்கிறோமா? பேச்சை மறுநாள் சொல்லிச் சிரிக்கிறோம். ஆட்டத்தை எப்படிச் சொல்வது?

தொல்காப்பியர் நகையைப் பேசுமிடம் மெய்ப்பாட்டியல். மெய்யின்கண் புலப்படுவது மெய்ப்பாடு. எள்ளலும் பேதைமையும் நகைக்கு நிலைக்களன்களாகச் சொல்லப்படுவதை வகுப்பில் விளக்கும்போது, எடுத்துக்காட்டுக்கு நான் சொற்களையே தேடுவேன். மாணவரோ எழுந்து நடித்துக் காட்டிவிடுவார்கள். இலக்கணம் அவர்கள் பக்கம்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை நாம் நினைவுகொள்ளும் முறையில் இது நன்கு விளங்கும். அவர் பெயரைச் சொன்னதும் கருத்து, பகுத்தறிவு, பாட்டு, வள்ளன்மை ஆகியவை நினைவுக்கு வருகின்றன. 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'யில் அவரை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், முந்தைய ஆண்டில்தான் அமெரிக்காவிலிருந்து வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. பின்னர் 'அம்பிகாபதி' (1937) முதலிய படங்களையும் தமிழறியாமலே இயக்கினார். சொல்லால் சிரிக்க வைத்தவர் என்று நாம் போற்றும் கலைஞரைச் சொல் விளங்காத ஒருவர் கேமராவுக்குப் பின்னின்று பார்த்திருக்கிறார். நடை, கண், தோள், காலம் தவறாத திரும்பல் ஆகியவற்றையே அவர் பார்த்திருக்க முடியும். 'சபாபதி' (1941) படத்தின் வேலைக்காரர் காளி என். ரத்னமும், விழி உருட்டும் டி.ஆர். ராமச்சந்திரனும் இவ்வாறே ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்கத்தக்கவர்கள். தமிழ்ப் பேசும்படத்தில் ஊமைப்படக் கலை தொடர்ந்து வாழ்ந்தது. நம் திரைப்பட வரலாற்று நூல்கள் அதனைக் குறிப்பதில்லை. வசனத்தை அச்சிடலாம், பாட்டைப் புத்தகமாக்கி ஓரணாவுக்கு விற்கலாம். இடறி விழுவதை அச்சிட முடியாது.

நினைவுக்கு நாம் நாடிய கருவிகளும் காதுக்குரியவை. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. கலியாண வீட்டிலும் காதுகுத்திலும் ஒலிபெருக்கி கட்டி 'திருவிளையாடல்' (1965) வசனத்தட்டு போடுவார்கள். தருமியின் புலம்பல் தெருவெங்கும் கேட்கும்; சொல்லுக்குச் சொல் மனப்பாடமாயிற்று. நாகேஷின் இடுப்பு வளைவும் கைகளின் பதற்றமும் ஒலித்தட்டில் ஏறவில்லை. தூத்துக்குடியில் பிறந்த சந்திரபாபு தமிழ்த்திரையின் தேர்ந்த உடல்மொழிக் கலைஞர். 'சபாஷ் மீனா' (1958) படத்தில் இருவேடங்களை இரு வேறு நடைகளால் பிரித்துக் காட்டியவர். அவரை இன்று பாடகராகவும், வாழ்ந்து கெட்டவராகவும் நினைவுகொள்கிறோம்.

'வாழ்ந்து கெட்டவர்' என்பது தமிழ்த்திரை நினைவின் விருப்பமான அச்சு. ஏஜியின் தலைமுறை கீட்டனை வார்த்த அச்சும் அதுவே. கலைவாணர் 1947இல் சிறையிலிருந்து மீண்டபின் பத்தாண்டுகள் உழைத்தார். 'நல்லதம்பி' (1949) நடித்தார், 'மணமகள்' (1951) இயக்கினார். மேடைப் பேச்சாளர்களோ சிறையிலிருந்து நேரே மரணப் படுக்கைக்குத் தாவிவிடுகிறார்கள். இடைப்பட்ட பத்தாண்டு உழைப்புக்குக் கண்ணீர் வராது. ஆகவே அது சொல்லப்படுவதில்லை.

இவ்விடத்தில் நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1959இல் 'எழுத்து' தொடங்கியதையும் 1970களில் 'வானம்பாடி' பறந்ததையும் எழுதும் வரலாறுகள், அவ்வாண்டுகளுக்குப்பின் மரபுக்கவிதை எழுதியவர்களை ஊமைப்பட நடிகர்களாகவே நடத்துகின்றன. வென்றவர்களின் மரபுக்காலம் மறைக்கப்படுகிறது. சிவகங்கைக் கவிஞர் மீரா, மீ. இராசேந்திரன் என்ற பெயரில் மரபில் தேர்ந்தவர் என்பதை இன்றைய மாணவர் அறிவதில்லை; அவர் கவிதை 1971இன் 'கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்' நூலோடு தொடங்குவதாகவே எண்ணுகின்றனர். யாப்பில் பழகிய காதுதான் அந்த வசனகவிதையையும் நடத்திச் சென்றது என்பது என் துணிபு. நம் மலரிலேயே வெண்பாவைப் பின்பக்கத்துக்குத் தள்ளும் வழக்கத்தை அடுத்த பதிப்பாசிரியர் குழு ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

திரைக்கே திரும்புகிறேன். 1965இல் சாமுவேல் பெக்கெட் எழுதிய 'ஃபிலிம்' என்னும் குறும்படத்தில் கீட்டன் நடித்தார். ஏறத்தாழ முழுவதும் ஓசையற்ற படம் அது; உலகறிந்த அந்த முகத்தை இறுதிவரை காட்டாமல், முதுகை மட்டும் காட்டினார்கள். முதுகும் நடித்தது. இங்கே சிங்கீதம் சீனிவாசராவ் 1987இல் வசனமே இல்லாத ஒரு படத்தை இயக்கினார். தமிழில் அதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'பேசும் படம்'. ஏழாண்டுகள் கழித்து அவரே இயக்கிய 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் நாகேஷுக்குக் கிடைத்தது பிணத்தின் வேடம். தருமியாக அத்தனை பேசியவருக்கு ஒரு சொல்லும் இல்லை. கண் அசையக் கூடாது. மூச்சு தெரியக் கூடாது. பிறர் தூக்கிச் செல்லவும் சாய்த்து வைக்கவும் இசைந்து, விறைக்க வேண்டிய நேரத்தில் விறைத்து, சரிய வேண்டிய நேரத்தில் சரிந்து, அரங்கு முழுவதையும் அவர் சிரிக்க வைத்தார். அந்தக் காட்சியை வானொலியில் ஒலிபரப்ப முடியாது.